கோட்டுக்கு அகலம் கிடையாது

ஒரு காட்டில் ஒரு சிங்கராஜா இருந்தார். எந்தக் காடு என்று கேட்காதீர்கள். சொன்னால் அங்கிருந்து யாராவது கிளம்பி வந்து என்னிடம் விளக்கம் கேட்பார்கள். காடு என்றால் காடு, ராஜா என்றால் ராஜா, அவ்வளவுதான்.

ராஜாவுக்கு வயதாகிவிட்டது. முழங்காலில் வலி வேறு. குகையிலிருந்து குளத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையோ புதரைச் சுற்றி, பாறையைச் சுற்றி, காரணமே இல்லாமல் ஒரு இலந்தை மரத்தையும் சுற்றிக்கொண்டு போகும். தண்ணீர் குடித்துவிட்டுக் குகைக்குத் திரும்புவதற்குள் மறுபடி தாகம் எடுத்துவிடும். "எனக்கு நேரா ஒரு ரோடு வேணும்" என்று ராஜா ஒருநாள் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து தெய்வசிகாமணி என்ற நரிக்கு அதிர்ஷ்டம் அடித்தது. காட்டுக்குச் சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு ஜாமெட்ரி பாக்ஸையும் ஒரு கணக்குப் புத்தகத்தையும் மறந்து வைத்துவிட்டுப் போனார்கள். பாக்ஸில் பாகைமானி, மூலைமட்டம், காம்பஸ், ஸ்கேல், யாரோ கடித்த ரப்பர் எல்லாம் இருந்தன. புத்தகத்தில் புள்ளி, கோடு, தளம் பற்றிய பக்கங்கள் நரிக்கு முழுசாகக் கிடைத்தன. அதற்கு அடுத்த முப்பரிமாண உருவங்கள் பாடம் மட்டும், நரி போய்ச் சேர்வதற்குள் கரையானுக்குப் போய்விட்டது. கனசதுரம், உருளை, கூம்பு, கோளம் எல்லாம் காலி.

ஆகவே நம் நரிக்குத் தெரிந்த உலகத்தில் நீளம் உண்டு, அகலம் உண்டு, உயரம் கிடையாது. தனக்குத் தெரியாதது எதுவும் உலகத்திலேயே இல்லை என்று முடிவு கட்டுகிற துணிச்சல் அதற்குப் பிறவியிலேயே இருந்தது. இந்தத் தகுதியை வைத்து நரி காட்டின் சர்வேயர் ஆனார். அதிகாரி ஆனபிறகு 'ஆனது' என்று சொல்லக் கூடாது. நமக்கெதற்கு வம்பு.

சர்வேயர் முதல் வேலையாக ராஜாவுக்குப் பாடம் எடுத்தார்.

"ராஜா, இந்தக் காடு ஒரு தளம். தளம்னா தட்டையா இருக்கும். மேடு, பள்ளம் எதுவும் கிடையாது. எல்லாப் பக்கமும் முடிவே இல்லாம போய்க்கிட்டே இருக்கும்."

"முடிவே இல்லாமயா? அப்ப பக்கத்துக் காடு?"

"அதுவும் உங்க தளத்துலதான் வருது ராஜா."

அந்த நிமிஷமே ராஜாவுக்கு வடிவியல் பிடித்துப்போனது. இத்தனை வருஷமாக எல்லைச் சண்டை போட்டதெல்லாம் வீண்வேலை என்று நினைத்துக்கொண்டார்.

"உங்க குகை ஒரு புள்ளி. குளம் இன்னொரு புள்ளி. ரெண்டு புள்ளிக்கு நடுவுல ஒரே ஒரு நேர்கோடுதான் போட முடியும். அதைவிடக் குறைஞ்ச தூரத்துல யாராலயும் போக முடியாது."

"நடுவுல குடியிருக்கறவங்க சண்டைக்கு வருவாங்களேப்பா."

"எதுக்கு வரணும்? கோட்டுக்குத்தான் அகலமே கிடையாதே. புத்தகத்துலயே போட்டிருக்கு."

இதையே சர்வேயர் ஊர்க்கூட்டத்திலும் அறிவித்தார். முயல், முள்ளம்பன்றி, மயில், கீரி எல்லாம் வந்திருந்தன. "உங்க இடத்துல ஒரு இம்மிகூட எடுக்கமாட்டோம். கோட்டுக்கு நீளம் மட்டும்தான். சம்மதம்னா கையைத் தூக்குங்க." எல்லாரும் தூக்கினார்கள். வடிவு என்ற கவுதாரியும் சிறகைத் தூக்கினாள். அவள் கூடு குகைக்கும் குளத்துக்கும் நடுவில், ஒரு சூரைப் புதரடியில் தரையில் இருந்தது. கூட்டில் முட்டைகள் இருந்தன. அகலமே இல்லாத ஒன்று பக்கத்தில் போனால் என்ன, நம் தலையெழுத்தா கெட்டுவிடப் போகிறது என்று அவள் நினைத்தாள். கோடு போடச் சொன்னால் ரோடே போடுவான் என்று நம் பக்கத்தில் கெட்டிக்காரனைப் புகழ்வார்கள். அது ஒரு எச்சரிக்கை என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் கோடு வந்தது. ஆமாம், தானாகவே வந்தது. காட்டில் நூல் இல்லாததால் சர்வேயர் ஒரு சாரைப் பாம்பைக் கோடாக நியமித்திருந்தார். பெயர் நெட்டையன். வெள்ளை மண்ணில் புரண்டு எழுந்து, விறைப்பாக நீட்டி நீட்டி ஊர்ந்தால், அவன் போன இடமெல்லாம் வெள்ளையாக ஒரு கோடு விழும். சர்வேயர் குகை வாசலிலேயே நின்றுகொண்டு ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் கோடு நேராகப் போகிறதா என்று பார்ப்பார். கூடவே நடந்து வருவது சர்வேயர் வேலையில் சேராது.

நெட்டையனுக்கு ஒரு மனக்குறை இருந்தது. "கோட்டுக்கு முனை கிடையாது. உனக்குத் தலைன்னு ஒரு முனை, வாலுன்னு ஒரு முனை இருக்கு. அதனால நீ கோடு இல்லை, கோட்டுத்துண்டு" என்று சர்வேயர் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார். ஒரு பாம்பைப் பார்த்துத் துண்டு என்று சொல்லலாமா? அவனுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

இப்படி ஊர்ந்துகொண்டே வந்தவன் வடிவின் கூட்டு விளிம்பில் தலையை வைத்தான். நாக்கு ஒரு தடவை வெளியே வந்து போனது.

"உங்க கோட்டுக்கு வாய் இருக்கே" என்றாள் வடிவு.

"பயப்படாத. நான் டூட்டியில இருக்கேன். டூட்டியில எதையும் சாப்பிடறதில்லை" என்றான் நெட்டையன். "டூட்டி முடிஞ்சதும் வரேன்."

"அதிருக்கட்டும். இந்தக் கோட்டு மேல யார் நடக்கப் போறாங்க?"

"திறப்பு விழா அன்னைக்கு முதல்ல சர்வேயர் சார். பின்னாடி ராஜா. அதுக்கும் பின்னாடி பெரியநாயகி அம்மா, தன் கூட்டத்தோட."

பெரியநாயகி என்பது யானை. வடிவு குனிந்து கூட்டைப் பார்த்தாள். கோட்டுக்கு அகலம் இல்லை, சரி. பெரியநாயகியின் பாதத்துக்கு இருக்கிறதே. கூட்டை எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு அவளிடம் கை இல்லை. முட்டை பொரியவும் இன்னும் நாள் இருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்கிறோம், கவுதாரிக்கு மட்டும் பித்தளையா? அவள் அப்படியே முட்டைகளைச் சருகால் மூடிவிட்டு சர்வேயர் ஆபீசுக்கு ஓடினாள்.

ஆபீஸ் என்பது ஒரு பாறை. அதன்மேல் ஜாமெட்ரி பாக்ஸ். முன்னால் ஒரு வரிசை. வரிசையில் நின்ற முள்ளம்பன்றிக்குப் பின்னால் யாரும் நெருங்கி நிற்காததால் வரிசை அநியாயத்துக்கு நீண்டிருந்தது. வடிவின் முறை வந்தபோது சர்வேயர் சாப்பிடப் போய்விட்டார். திரும்பி வந்ததும் மீசையைத் துடைத்துக்கொண்டு, "சொல்லும்மா" என்றார்.

"சார், என் கூட்டுல முட்டை இருக்கு. யானை மிதிச்சா உடைஞ்சிடும்."

"கூட்டோட நீளம்?"

"ஒரு சாண் இருக்கும் சார்."

"அகலம்?"

"அதுவும் ஒரு சாண்தான். உயரம் வந்து..."

"அந்தக் கேள்வி நான் கேட்கலையே."

வரைபடத்தில் கோட்டின்மேல் காம்பஸை ஊன்றிச் சின்னதாக ஒரு வட்டம் போட்டார். அதற்குள் இன்னும் சின்னச் சின்ன வட்டங்கள் போட்டார். "இதானே உன் முட்டை? வட்டம். வட்டத்து மேல யானை நடந்தா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது." சொன்னதோடு நிற்காமல் தன் முன்னங்காலை வரைபடத்தின்மேல் வைத்து நன்றாக அழுத்திக் காட்டினார். காலை எடுத்தபோது வட்டங்கள் அப்படியே இருந்தன.

"சார், அது மேல இருந்து பார்த்தா வட்டம். கொஞ்சம் பக்கவாட்டுல வந்து பாருங்க."

"பக்கவாட்டுல பார்க்க இந்த ஆபீசுக்கு அதிகாரம் கிடையாதும்மா. முட்டைன்னு ஒரு உருவமே புத்தகத்துல இல்லை. இருந்தா கொண்டு வா, பார்க்கலாம்."

வடிவு அதையும் நம்பினாள் பாவம். காணாமல் போன பாடம் கரையானிடம் இருப்பதாக வரிசையில் யாரோ சொல்ல, அதைத் தேடிப் புற்றுக்குப் போனாள். புற்று ஆளுயரத்துக்குக் கூம்பாக நின்றது.

"உயரத்தைப் பத்தின பாடம் உங்ககிட்ட இருக்குன்னாங்க. கொஞ்சம் திருப்பித் தரமுடியுமா?" என்று கேட்டாள்.

ஒரு கிழட்டுக் கரையான் வெளியே தலையை நீட்டியது. "திருப்பித் தர்ற நிலைமையில அது இல்லம்மா. தின்னு செரிச்சாச்சு. கனசதுரம் மூலைக்கு மூலை கொஞ்சம் கெட்டி. கோளம் நல்லா இருந்துச்சு."

"கூம்பு?"

"அதுக்கு முன்னாலதான் நிக்கிற" என்றது கரையான். "நாங்க படிக்கலை, கட்டிட்டோம். வேணும்னா உன் சர்வேயரை இங்க வந்து பார்க்கச் சொல்லு."

வந்து பார்ப்பவராக இருந்தால் அவர் ஏன் சர்வேயர் ஆகிறார்? வடிவு அழுதுகொண்டே கூட்டுக்குத் திரும்பினாள். குறுக்கு வழி என்று வெள்ளைக் கோட்டின் மேலேயே நடந்து வந்தாள். கூட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் கால் பொசுக்கென்று உள்ளே போனது. சிறகை அடித்து மேலே வந்து எட்டிப் பார்த்தாள். சருகு சரிந்த ஓட்டைக்குள் இருட்டாக இருந்தது. ஒரு கல்லைத் தள்ளிவிட்டாள். அது விழுந்த சத்தம் கேட்க நேரமாயிற்று. மனுஷர்கள் எந்தக் காலத்திலோ யானை பிடிக்க வெட்டிய குழி அது. மேலே மூங்கில் தட்டி, தட்டியின்மேல் சருகு, சருகின்மேல் இத்தனை வருஷத்தில் முளைத்த புல். எடை இல்லாத நெட்டையன் அதன் நட்டநடுவில் ஊர்ந்து, அழகாகக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தான்.

வடிவுக்கு முதலில் தோன்றியது நல்ல எண்ணம்தான், சத்தியமாக. குழியைச் சொன்னால் ராஜாவும் பிழைப்பார், கோடும் நகரும், நம் முட்டையும் தப்பும், யாருக்கும் நஷ்டமில்லை என்று சந்தோஷப்பட்டாள். திறப்பு விழாவுக்கு முதல் நாள் எல்லாரும் கூடியிருந்த இடத்தில் ராஜாவின் முன்னாலேயே போய் நின்றாள்.

"ராஜா, ரோட்டுல ஒரு குழி இருக்கு. என் கூட்டுக்கு முன்னாடி, கோட்டுக்கு நேர் கீழே. பெரிய குழி. விழுந்தா எந்திரிக்க முடியாது."

ராஜா சர்வேயரைப் பார்த்தார். சர்வேயர் புன்னகையோடு எழுந்தார்.

"ராஜா, தளத்துல குழி இருக்க முடியாது. குழி இருந்தா அது தளமே இல்லை. தளம் இல்லைன்னா எல்லாப் பக்கமும் முடிவில்லாம போகாது. அப்புறம் பக்கத்துக் காடு உங்களுது இல்லை." கடைசி வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

ராஜாவின் பிடரி சிலிர்த்தது. "ஏம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லு. குழி இருக்கா?"

கூட்டமே வடிவைப் பார்த்தது. முயல் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டி, வேண்டாம் என்று ஜாடை காட்டியது. இருக்கிறது என்று இன்னொரு தடவை சொன்னால் இந்த இடத்திலேயே அவள் கதை முடிந்துவிடும், கூட்டில் கிடக்கிறவை ஆறிப்போகும். ராஜாவின் முகத்தைப் பார்த்தாள். சர்வேயரின் புன்னகையைப் பார்த்தாள். யார் முதலில் நடக்கப் போகிறார்கள் என்று நெட்டையன் சொன்னது நினைவுக்கு வந்தது.

"இல்லை ராஜா" என்றாள். "நான்தான் புல்லு தடுக்கி விழுந்தேன். குழி இல்லை."

"பார்த்தீங்களா" என்றார் சர்வேயர். எல்லாரும் கை தட்டினார்கள்.

விழா நாள் வந்தது. வடிவு கூட்டைவிட்டு நகரவில்லை. முட்டைகளுக்குள் குஞ்சுகள் கீச்சிடுவது அடிவயிற்றில் கேட்டது. இன்றோ நாளையோ பொரிந்துவிடும். சர்வேயரும் ராஜாவும் குழியில் விழாமல் தாண்டிவிட்டால் என்ன செய்வது, விழுந்தாலும் யானைகள் குழியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கமே வந்தால் என்ன செய்வது என்று நினைத்தபடி அவள் சிறகை முட்டைகள்மேல் இன்னும் விரித்துக்கொண்டாள். தூரத்தில் மரங்கொத்திகளின் மேளம் கேட்டது.

சர்வேயர் முன்னால் வந்தார். ஸ்கேலை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் கோட்டிலேயே வைத்து நடந்தார். பின்னால் ராஜா, முழங்கால் நொண்டினாலும் கம்பீரமாக வந்தார். அதற்கும் பின்னால் பெரியநாயகி, தன் கூட்டத்தோடு.

சர்வேயர் சருகில் கால் வைத்தார். தட்டி முறிந்தது. அவர் மறைந்தார். முன்னால் நடந்தவரைக் காணோமே என்று ராஜா ஒரு அடி எடுத்து வைத்துப் பார்த்தார். அவரும் மறைந்தார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த யானைக்குச் சறுக்கவில்லை. பெரியநாயகி படிக்காதவள். காலை வைப்பதற்கு முன் தும்பிக்கையால் தரையைத் தட்டிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இருந்தது. தட்டினாள், நின்றாள். கூட்டமும் நின்றது.

குழிக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது.

"என்னய்யா ஆச்சு?"

"பதற்றப்பட ஒண்ணுமில்லை ராஜா. வரைபடத்தின்படி நாம இன்னும் மேலதான் இருக்கோம்."

"அப்ப ஏன்டா எனக்கு வானம் ஒரு வட்டமா தெரியுது?"

"கோட்டைவிட்டு நாம விலகவே இல்லை ராஜா. மேல இருந்து யார் வேணும்னாலும் பார்த்துச் சொல்லட்டும். ஒரே ஒரு சிக்கல். ஒரே புள்ளியில ரெண்டு பேர் இருக்கோம். நீங்க என் மேல இருக்கீங்க."

பளாரென்று ஒரு அறை விழுந்த சத்தம் கேட்டது. பிறகு சர்வேயர் கூவினார். "நெட்டையா, வாலை மரத்துல சுத்திக்கிட்டு உள்ளே தொங்கு. நாங்க பிடிச்சு ஏறிக்கறோம்."

நெட்டையன் குழி ஓரத்தில் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தான். "சார், கோட்டுக்கு அகலம் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அகலமே இல்லாததை எப்படி சார் பிடிப்பீங்க? அதுவும் நான் முழுக் கோடுகூட இல்லை. வெறும் துண்டு." நெஞ்சிலிருந்த முள் இறங்கிய நிம்மதியோடு அவன் ஒதுங்கிக்கொண்டான்.

பெரியநாயகிதான் கடைசியில் கேட்டாள். "ஒரு மரத்தைச் சாய்ச்சு உள்ளே விடறேன். எவ்வளவு பெரிய மரம் வேணும்? குழி எவ்வளவு ஆழம்?"

கீழே ஸ்கேலால் மண்ணைக் கிளறும் சத்தம் கேட்டது.

"கேட்கறா இல்ல, சொல்லுடா" என்று ராஜா உறுமினார்.

"ராஜா, ஆழம்னு ஒண்ணை ஒத்துக்கிட்டா உயரத்தையும் ஒத்துக்கணும். அப்புறம் தளம் போயிடும், பக்கத்துக் காடு போயிடும், அந்தக் கவுதாரி முட்டையைக்கூட ஒத்துக்கணும்."

"முட்டையை ஒத்துக்கோ. கோழியையும் ஒத்துக்கோ. முதல்ல ஆழத்தைச் சொல்லு, என் முழங்கால் வலிக்குது."

வடிவு இதைக் கூட்டிலிருந்தே கேட்டாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

சர்வேயர் ஆழத்தைச் சொன்னார். பெரியநாயகி அதற்குத் தகுந்த மரமாகச் சாய்த்தாள். இருவரும் மண்ணும் சருகுமாக மேலே வந்தார்கள். இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால், தன் வினை தன்னைச் சுடும் என்று எழுதிவிட்டு நானும் நிம்மதியாகப் போய்ப் படுத்திருப்பேன். கதை முடியவில்லையே.

மறுநாளே ஒரு பாராட்டு விழா நடந்தது. யாருக்கு? தெய்வசிகாமணிக்குத்தான். "இதுவரை இந்தக் காட்டில் யாருக்கும் தெரியாத ஆழம் என்ற ஒன்றை, உயிரைத் துச்சமாக மதித்துத் தானே உள்ளே இறங்கிக் கண்டுபிடித்தவர்" என்று மயில் வாழ்த்துரை வாசித்தது. ராஜாவும் வேறு வழியில்லாமல் தலையை ஆட்டினார். முட்டாளை நம்பி விழுந்தேன் என்று சொல்வதைவிட, ஒரு ஆராய்ச்சியில் கலந்துகொண்டேன் என்பது அவருக்கும் கௌரவமாக இருந்தது. 'ஆழம் கண்ட அண்ணல்' என்று பட்டம் கொடுத்தார்கள். அண்ணல் நொண்டிக்கொண்டே வந்து வாங்கிக்கொண்டார்.

அதோடு விட்டார்களா? குதிரை கீழே தள்ளினதும் இல்லாமல் குழியும் பறித்த கதையாக, அடுத்து வடிவைக் கூப்பிட்டார்கள்.

"முந்தாநாள் இதே இடத்துல குழி இல்லைன்னு சொன்னே" என்றார் ராஜா. "ராஜாகிட்ட பொய் சொன்னா என்ன தண்டனை தெரியுமில்ல?"

வடிவுக்குக் கூட்டு நினைப்பு. அவள் கிளம்பும்போது ஒரு முட்டையில் கீறல் விட்டிருந்தது. நான் முதலில் இருக்கிறது என்றுதானே சொன்னேன் என்பது நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"ராஜா, முந்தாநாள் ஆழத்தை சார் இன்னும் கண்டுபிடிக்கலையே" என்றாள். "அவர் கண்டுபிடிக்காத ஒண்ணு நம்ம காட்டுல எப்படி ராஜா இருக்கும்?"

சர்வேயர் இருக்கையைவிட்டே எழுந்துவிட்டார். "இதுதான் ராஜா அறிவு. இந்தம்மாவைப் போகச் சொல்லுங்க. ரோட்டை இவங்க கூட்டைத் தள்ளி வளைச்சுப் போட்டுக்கலாம். குழியைச் சுத்தி எப்படியும் வளைக்கத்தானே வேணும்."

எல்லாரும் கை தட்டினார்கள். சிறகு வலிக்க வலிக்க அதிக நேரம் தட்டியது வடிவுதான்.

அவள் கூட்டுக்கு ஓடிப்போனபோது ஓடுகள் பிளந்து கிடந்தன. ஈரக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தடுமாறிக்கொண்டிருந்தன. அன்று சாயங்காலமே அவை காய்ந்து, எழுந்து, வெள்ளைக் கோட்டைக் குறுக்கும் நெடுக்குமாகத் தாண்டி ஓட ஆரம்பித்துவிட்டன. நெட்டையன் வரவில்லை. டூட்டி முடியவே இல்லை அவனுக்கு. காட்டிலுள்ள ஒவ்வொரு குழியிலும் தலைகீழாகத் தொங்கி ஆழம் அளக்கச் சொல்லி அண்ணல் உத்தரவு போட்டுவிட்டார். ரோடு குழியைச் சுற்றி, புதரைச் சுற்றி வந்தது. கடைசியில் பார்த்தால் இலந்தை மரத்தையும் சுற்றிக்கொண்டு பழைய ஒற்றையடிப் பாதையிலேயே போய்ச் சேர்ந்தது.

நீதி: குழி இருக்கிறது என்று அதிகாரியிடம் ஒரு தடவை சொல்லுங்கள். நம்பாவிட்டால் விட்டுவிடுங்கள், அவரே முன்னால் நடக்கட்டும். மேலே ஏறி வந்து அதைத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்வார். அப்போது கை தட்டுங்கள். நம் வீட்டில் முட்டை இருக்கிறது.